முக்காட்டுக்குள் சொன்னது

"பிள்ள வேண்டாம்னு ஓங்ககிட்டயே சொல்லிருக்கா. நீங்க சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சிப் போயி, சம்மதம்னு சபையில சொல்லிட்டு வந்திருக்கிய."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த சேக் முகம்மது, மீன் ஆணம் ஊற்றிப் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். அவருடைய மனைவி அலிமா பீவி எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அதனால் ஒரு சொல்லும் தப்பவில்லை. தப்பியிருந்தால் அந்தக் கவளமாவது நிம்மதியாக உள்ளே போயிருக்கும்.

"யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"யாரு சொல்லணும்? ஓங்க மவ நஸீமாதான் சொன்னா. காலைல பீடி சுத்திக்கிட்டு இருக்கும்போது கண்ணுலேருந்து தண்ணியா ஊத்துது. எல எல்லாம் நனைஞ்சு போச்சு. என்னட்டின்னு கேட்டா அப்பத்தான் வாயத் தொறக்கா. 'வாப்பாட்ட வேண்டாம்னு சொன்னேன் உம்மா. ஏன் வேண்டாம்னும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அல்ஹம்துலில்லான்னு சொல்லிட்டுப் போயிட்டாவ'ங்கா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு."

"அவ ஒண்ணும் சொல்லல, அலிமா."

"அப்ப பிள்ள பொய் சொல்லுதாளா?"

"பொய்யின்னு சொன்னேனா? முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு செவுத்தப் பாத்து உக்காந்திருந்தா. தோளு மட்டும் லேசா ஆடுச்சு. குமரு வாய் தொறக்காம இருந்தா அதான சம்மதம்? ஊரு உலகத்துல இல்லாததையா நான் செஞ்சிட்டேன்?"

"வாய் தொறந்திருக்கான்னுதான சொல்லுதேன். அன்னையிலேருந்து ஓங்ககிட்ட அவ ஒரு வார்த்த பேசுனாளா? சோறு வச்சா தட்ட நவுட்டி வச்சிட்டுப் போறா. நீங்க எதாவது கேட்டா தலைய ஆட்டுதா. அதுகூடவா ஓங்களுக்குத் தெரியல?"

சேக் முகம்மதுவுக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. பெற்ற மகள் வாரக்கணக்கில் பேச்சை விட்டிருக்கிறாள், தனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தென்படவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

விஷயம் லேசானதில்லை. மாப்பிள்ளை ஆமிர், அகமது மீரானின் இளைய மகன். அகமது மீரான் பேட்டையில் கைலி நெய்கிற விசைத்தறிச் செட்டு வைத்திருப்பவர். அந்தச் செட்டில்தான் சேக் முகம்மது மேஸ்திரி. முதலாளியே மேஸ்திரி வீட்டு வாசலுக்கு வந்து, நகை நட்டு ஒன்றும் வேண்டாம், பிள்ளையைக் கொடுங்கள் போதும் என்று கேட்டதில் பேட்டையே மூக்கில் விரலை வைத்தது. பாத்திஹா ஓதி, வந்த சபைக்குச் சீனி கொடுத்து, அடுத்த மாதம் பிறை பார்த்து நிக்காஹ் என்று பேசி முடித்தாகிவிட்டது. இப்போது போய் இல்லை என்றால் வாக்கும் போகும், வேலையும் போகும். சொல்லாமல் இருந்துவிட்டால் மகள் போவாள்.

இங்கே அவருடைய காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேக் முகம்மதுவுக்குக் காது மந்தம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். செட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே, உள்ளே எந்தத் தறியில் நூல் கோத்த நாடாக்கட்டை சரியாக ஓடவில்லை என்று சொன்ன ஆள் அவர். அது ஒரு காலம். பிறகு தறிகள் கூடிக்கொண்டே போயின. தகரக் கூரைக்குக் கீழே அத்தனையும் ஒன்றாக ஓடும்போது நெஞ்சுக்கூடு அதிரும். வயிற்றில் வெறும் டீ மட்டும் இருந்தால் அதுவும் சேர்ந்து குலுங்கும். காலையில் உள்ளே போகிறவன் சாயங்காலம் வெளியே வந்தால், பேட்டை முழுவதும் பஞ்சில் பொதிந்து வைத்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்பார்கள். முதலில் சரியாகத்தான் ஆனது.

அவருக்கு முதலில் குருவிச் சத்தம் போனது. அது போனதே தெரியாது, குருவிதான் குறைந்துவிட்டது என்று நினைத்தார். பிறகு அலிமாவின் வளையல் போனது. உலை கொதிக்கிற சத்தம் போனது. சின்னப் பிள்ளைகள் பேசுவதும் பெண்கள் பைய பேசுவதும் போயின. ஆண்களின் தடித்த குரல் மட்டும் கொஞ்ச காலம் நின்றது. பிறகு அதுவும் கலங்கிப் போயிற்று. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். படுத்தால் காதுக்குள் ஒரு சில்வண்டு விடியும்வரை இரைந்துகொண்டே இருக்கும்.

ஆனாலும் அவர் பிடிபடவில்லை. காரணம் அதே செட்டுதான். அங்கே யார் குரலும் யாருக்கும் எட்டாது. அதனால் எல்லோரும் வாயைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தால் ஒரு சைகை, டீ வந்தால் ஒரு சைகை, முதலாளி வருகிறார் என்றால் வயிற்றைத் தடவிக் காட்டுவார்கள். உள்ளே கற்ற வித்தையை அவர் வெளியேயும் வைத்துக்கொண்டார். டீக்கடையில் சுவர் ஓரம்தான் உட்காருவார், முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. நாலு பேர் சிரித்தால் அவரும் சிரிப்பார். தாடி மீசை அடர்ந்தவர்களிடம் அதிகம் பேச்சுக் கொடுக்கமாட்டார், உதடு தெரியாது. ஊர் அதைப் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

போன வருஷம் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் செட்டைப் பார்க்க வந்தார். உள்ளே சிறிது நேரம்கூட நிற்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து, முதலாளியைப் பிடித்து ஏசினார். "இந்த ஆட்களோட காது என்ன கருங்கல்லா? எல்லாருக்கும் காதுமூடி வாங்கிக் கொடுங்க" என்றார். அகமது மீரான் நல்ல மனுஷர். கோயம்புத்தூருக்குத் தறிச் சாமான் எடுக்கப் போனபோது மறக்காமல் ஆளுக்கு ஒரு காதுமூடி வாங்கி வந்தார். தலைக்கு மேலே ஒரு வளையம், இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி இருக்கும். ஆட்களெல்லாம் அதை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சேக் முகம்மது அதை அரை நாள்தான் போட்டிருந்தார். மிச்சமிருந்த கொஞ்சச் சத்தமும் போய்விட்டது. தறி ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. பயந்துவிட்டார். பயந்தேன் என்று மேஸ்திரி சொல்ல முடியுமா? கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "காத மூடிக்கிட்டுத் தறி ஓட்டுததும் கண்ண மூடிக்கிட்டு சைக்கிள் ஓட்டுததும் ஒண்ணுதான்லே" என்று வாயசைத்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியே கழற்றியான பிறகு மற்றவனுக்கு என்ன? வடக்குச் சுவரில் ஆணி ஆணியாக அவை தொங்கின.

இந்தக் காதோடுதான் அவர் மகளிடம் சம்மதம் கேட்கப் போனார். மற்ற வீடுகளில் உம்மாமார்கள் கேட்பார்கள், இல்லை கேட்காமலே விட்டுவிடுவார்கள். சேக் முகம்மதுவுக்கு அதில் ஒரு வீம்பு. "எம் பிள்ளைட்ட நான் கேட்டுட்டுத்தான் வாக்குக் குடுப்பேன்" என்று சபையில் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார். அலிமா பீவி பின்கட்டில் வந்த பெண்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் நஸீமா முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பேச்சு நடக்கிற நாளில் பெண் வாப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுவது எந்த வீட்டிலும் உள்ளதுதான். அவர் பாயில் உட்கார்ந்து, மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, "ஒனக்குச் சம்மதமா பிள்ள?" என்று கேட்டார். காத்திருந்தார். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ அதற்கு மேலும் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் மனம் நிறைந்துவிட்டது.

இப்போது சேக் முகம்மது சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மறுபடி அதே உள்ளறைக்குப் போனார். நஸீமா சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். வாப்பாவின் காலடி கேட்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நஸீமா, அன்னைக்கு நீ என்ன பிள்ள சொன்ன?"

கத்தரிக்கோல் நின்றது. அவர் அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முக்காட்டின் ஓரத்தில், கன்னத்துக்குக் கீழே தாடை அசைந்தது. அசைந்து நின்றது, மறுபடி அசைந்தது. ஒரு சத்தமும் அவரிடம் வரவில்லை. அன்றைக்கும் இந்தத் தாடை இப்படித்தான் அசைந்திருக்கும். தோள் ஆடியது அழுகையில் ஆடியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கிறோம்.

அடுக்களைக்குத் திரும்பி வந்தார். அலிமாவின் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

"அலிமா, இப்ப அவ என்ன சொன்னா?"

"ஓங்க பக்கத்துலதான சொன்னா? இங்கன அடுக்களையில நிக்க எனக்கே கேட்டுச்சு."

"நீ சொல்லு. அவ சொன்னத அப்படியே சொல்லு."

அலிமா பீவி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "'சொன்னதத் திரும்பத் திரும்ப எதுக்குச் சொல்லணும், ஒரு தடவ கேட்டது பத்தாதா'ன்னு சொன்னா."

"எனக்குக் கேக்கல."

"எது?"

"எதுவுமே கேக்கல அலிமா. அன்னைக்கும் கேக்கல, இப்பவும் கேக்கல. எனக்குக் காது போயி வருஷக்கணக்காச்சு."

அலிமா பீவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இது நல்ல கதையா இருக்கே. மொதலாளி வீட்டுச் சம்பந்தம்னு ஆசப்பட்டிய, அத ஒத்துக்கிடுங்க. என்கிட்டயே செவிடன் வேசம் போடாதீய. இப்ப நான் பேசுததெல்லாம் எப்படிக் கேக்குதாம்?"

"ஒன் வாயப் பாத்துக்கிட்டுல்லா நிக்கேன்."

"நேத்து அடுப்பு ஊதிக்கிட்டே எங்கூடப் பொறந்த லாத்தா மவனப் பத்தி அம்புட்டு நேரம் சொன்னேன். நான் முதுகக் காட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். 'ம் ம்'னு கேட்டியளே?"

சேக் முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குனிந்தால் அவள் வாய் தெரியாது என்று நிமிர்ந்தார். "நீ பேசும்போது ஓங் கை ஆடும். கை நின்னா பேசி முடிச்சிட்டன்னு அர்த்தம். அப்ப 'ம்'னு சொல்லுவேன்."

அலிமா பீவி கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். அடுப்புப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்தபோது பக்கத்திலேயே பேசாமல் இருந்த மனுஷனை அலட்சியம் என்று ஏசியது, பின்னால் நின்று கூப்பிட்டும் திரும்பாதபோது திமிர் என்று நினைத்தது, எல்லாம் அவளுக்கு வந்து வந்து போயிருக்க வேண்டும். அவளுடைய உம்மா மவுத்தாகி அடக்கமான பிறகு எத்தனையோ நாள் மனசு ஆறாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொல்லியிருக்கிறாள். அத்தனைக்கும் அவர் 'ம்' என்றிருக்கிறார்.

"யா அல்லாஹ்" என்றாள் பைய. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை, பார்த்தார்.

"ஏன் வேண்டாம்னு சொன்னா? அத மட்டும் சொல்லு" என்றார்.

அலிமா பீவி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "மொதலாளி வீட்டுக் கந்தூரி விருந்துக்குப் போனோம்லா? அவுக வீட்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான செட்டு. தறிச் சத்தத்துல வீட்டுக்குள்ள பேசுனா ஒண்ணும் கேக்கல. மொதலாளி பொஞ்சாதி ஆபிதா பீவி மூத்த மருமவளக் கூப்புடணும்னா வாயால கூப்புடல. நூலு சுத்துத தார்க்கட்ட கெடக்குல்லா, அத எடுத்து முதுகுல எறியுதாவ. அது வெளையாட்டுமில்ல, கோவமுமில்ல. அப்படித்தான் பழக்கம். அந்தப் பிள்ளையும் முதுகத் தடவிக்கிட்டே சிரிச்சிக்கிட்டுத் திரும்புதா. இவ அதப் பாத்துட்டு வந்திருக்கா. அந்த மாப்பிள்ள மேல ஒரு கொறையும் சொல்லல. 'நான் பேசுனா யாருக்கும் கேக்காத வீட்டுக்கு எப்படி உம்மா போவேன்'னு அழுவுதா."

சேக் முகம்மது அதற்குமேல் நிற்கவில்லை. சட்டையை மாட்டினார்.

"எங்க போறிய?"

"மொதலாளியப் பாக்க."

"வேலைய விட்டு நிறுத்திட்டா?"

"நிறுத்துனா நிறுத்தட்டும். நான் கேட்டுட்டு வந்து சொன்ன சொல்லுதான அலிமா அது? நான்தான் கேக்கவே இல்லியே."

ஆனி மாதத்துச் சாரல் குற்றாலத்தில் பெய்துவிட்டு மிச்சத்தைப் பேட்டைப் பக்கம் தூவிக்கொண்டிருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோடகன் கால்வாய்க் கரையோடு நடந்தார். கால்வாயில் பாபநாசத்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. பின்னால் வந்த சைக்கிள்காரன் எத்தனை தடவை மணி அடித்தானோ, பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்து ஏசிவிட்டுப் போனான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கரண்டு போயிருந்தது. தறிகளெல்லாம் பாதி நெய்த கைலியோடு நின்றன. ஆட்கள் வாசல் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆமிர் ஒரு தறிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். பதினைந்து வயதிலேயே படிப்பை விட்டுவிட்டுத் தறிக்கு வந்த பையன், வேலைக்கு அஞ்சமாட்டான். அகமது மீரான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பாதி நேரம் வெளியே கடை கண்ணி என்று அலைகிறவர், முகத்தில் தாடியும் இல்லை. சேக் முகம்மதுவுக்கு அவரிடம் பேசுவது என்றைக்கும் சுலபம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மகள் சொன்னதையும், தான் கேட்காததையும், கேட்காத காரணத்தையும் சொன்னார். தார்க்கட்டையை மட்டும் விட்டுவிட்டார்.

அகமது மீரானின் முகம் சிவந்தது. "என்ன வே, வெளையாடுதீரா? ஓமக்குக் காது கேக்காதா?"

"ஆமா மொதலாளி."

"இவ்வளவு நேரம் என்கிட்ட பேசிக்கிட்டு நிக்கீரு. காது கேக்காதவன் பேசுத பேச்சா இது? சம்பந்தம் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லும். ஜமாத்துல நாலு பேருக்கு முன்னால வாக்கு வாங்கிட்டு, இப்ப காது மேல பழியப் போடாதயும்."

"நான் செவுத்தப் பாத்து நிக்கேன். நீங்க பின்னால நின்னு பேசுங்க. கத்தக்கூடாது, வீட்டுல பேசுத மாரிப் பேசணும். நான் திரும்புனா, நான் சொன்னதெல்லாம் பொய். வேலைய விட்டு நிறுத்திருங்க, நிக்காஹையும் நடத்திருங்க."

ஆட்கள் டீத் தம்ளரோடு எழுந்து வந்தார்கள். சேக் முகம்மது வடக்குச் சுவரைப் பார்த்துப் போய் நின்றார். மூக்குக்கு நேரே ஆணியில் ஒரு காதுமூடி தொங்கியது. பஞ்சுத் தூசி படிந்து நரைத்துப் போயிருந்தது. ஒரு கிண்ணத்துக்குள் பல்லி முட்டை ஒட்டியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளும் சுவரைப் பார்த்து இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பின்னால் முதலாளி பேசுகிறாரா, இல்லை பேசாமல் நிற்கிறாரா? எப்போது பேசி முடிப்பார்? காதுக்குள் சில்வண்டு இரைந்துகொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினார். முதலாளியின் முகத்தில் கோபம் போய், ரத்தமும் போயிருந்தது. செட்டிலேயே பழைய ஆளான மாரிக்கண்ணு டீத் தம்ளரைச் சாய்த்துப் பிடித்திருந்தான். டீ அவன் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"பேசுனாவளா?" என்று சேக் முகம்மது அவனிடம் கேட்டார்.

மாரிக்கண்ணு பக்கத்தில் நின்ற சங்கரைப் பார்த்தான். சங்கர் போன மாசியில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன்தான் சொன்னான். "பேரு சொல்லிக் கூப்புட்டாவ மேஸ்திரி. பெறவு ஓங்க உம்மாவச் சொல்லி ஒரு வார்த்த ஏசுனாவ, அப்பவாது திரும்புவியளான்னு. நீங்க அப்படியே நிக்கிய."

அகமது மீரான் ஏசியதற்கு வெட்கப்பட்டவர் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ, "மாரிக்கண்ணு, நீ போயி நில்லு" என்றார்.

"எனக்கென்ன மொதலாளி, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நில்லுலே."

மாரிக்கண்ணு இளித்துக்கொண்டே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். இப்போது சேக் முகம்மது முதலாளியின் பக்கத்தில் நின்றார். முதலாளியின் உதடு நன்றாகத் தெரிந்தது. 'மாரிக்கண்ணு, ஒம் பொண்டாட்டி வாசல்ல வந்து நிக்கா' என்றது. மாரிக்கண்ணு முதுகைச் சொறிந்துகொண்டான். 'ஒங் கைலியில தீப்புடிச்சிருக்குலே' என்றது. மாரிக்கண்ணு காலை மாற்றி நின்றான்.

ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார். ஒருவன் பாதி திரும்பி, என்னமோ கேட்ட மாதிரி இருந்தது என்றான். மற்றவர்கள் அதுவுமில்லை. சங்கர் மட்டும் பெயரைச் சொன்னதும் வெடுக்கென்று திரும்பினான். எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே இத்தனை வருஷம் வேலை செய்தவர்கள். தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவனும் நினைத்து, அடுத்தவனிடம் மறைத்திருக்கிறான். சேக் முகம்மதுவுக்குத் தான் மாட்டிய ஆணியும், சொன்ன சைக்கிள் கதையும், அதற்கு இவர்கள் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அவர் கழற்றாமல் இருந்திருந்தால் இவர்களும் போட்டிருப்பார்கள்.

தறிக்கு அடியிலிருந்து ஆமிர் தவழ்ந்து வெளியே வந்தான். கையில் கிரீஸ். எல்லோரும் நிற்கிற நிலையைப் பார்த்துச் சிரித்தான். "என்ன வாப்பா, கரண்டு போனதும் கண்ணாமூச்சியா? நானும் வாறேன்."

யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை. அவனே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அகமது மீரான் வாயைத் திறந்தார். 'ஆமிரு' என்றார். சேக் முகம்மது பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆமிரு, வாப்பா கூப்புடுதேன்.' ஆமிர் அசையவில்லை. 'ராசா, இங்கன பாருய்யா.' அவன் தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அவன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "கூப்புடுங்க வாப்பா. எம்புட்டு நேரம் நிக்க?"

அகமது மீரான் பக்கத்துத் தறியின் பாவு உருளையில் கையை ஊன்றி, ஊன்ற முடியாமல், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரிக்கண்ணு ஓடிப் போய்த் தாங்கினான். அந்தச் சமயத்தில் கரண்டு வந்தது, மேலே பல்பு எரிந்தது. சங்கர் பழக்கத்தில் சுவிட்சுப் பக்கம் போனான். முதலாளி தரையில் இருந்தபடியே கையைத் தூக்கித் தடுத்தார். ஆட்களைப் பார்த்து, வடக்குச் சுவரைக் காட்டி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக் காட்டினார். அந்தச் செட்டில் அதற்கு முன்னால் அப்படி ஒரு சைகை இருந்ததில்லை.

ஆணியிலிருந்து முதலில் எடுத்தவர் சேக் முகம்மது. பஞ்சை ஊதினார், பல்லி முட்டையைச் சுண்டிவிட்டார், வேட்டி நுனியால் துடைத்தார். அதைக் கொண்டுபோய்ச் சங்கரின் தலையில் மாட்டினார். அவனுக்குத்தான் காப்பாற்ற இன்னும் முழுசாகக் காது இருந்தது. பிறகு அடுத்ததை எடுத்தார். ஆமிர் இப்போது திரும்பி நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்ன நடந்தது என்று தேடிக்கொண்டிருந்தான். சிரிப்பு இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. சேக் முகம்மது அதை அவன் தலையில் மாட்டினார்.

அகமது மீரான் எழுந்து வந்து அவருக்கு நேர் எதிரே நின்றார். உதட்டை நன்றாக விரித்துச் சொன்னார். "சபையில நான் சொல்லிக்கிடுதேன் வே. நீரு போயி ஓம்ம பிள்ளைட்ட திரும்பக் கேளும். அது என்ன சொல்லுதோ அதான் வாக்கு." திரும்பப் போனவர் நின்று, "எம் பொஞ்சாதி மருமவளக் கட்டயால அடிச்சிக் கூப்புடுதத வெளையாட்டுன்னு நெனச்சி சிரிச்சிக்கிட்டுல்லா திரிஞ்சேன், அந்தப் பிள்ளைக்கும் காது போயிருக்கும்னு தோணலியே" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சாரல் விட்டிருந்தது. அலிமா பீவி மகளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள் என்பது நஸீமாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பின்கட்டில், வெளிச்சம் விழுகிற இடத்தில், சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். சேக் முகம்மது அவளுக்கு எதிரே ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

"பிள்ள, முக்காட்ட வெலக்கிட்டுச் சொல்லு. ஒன் வாயப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும். அன்னைக்குச் சொன்னத ஒண்ணு விடாமச் சொல்லு."

நஸீமா முக்காட்டைக் கழுத்துக்குத் தள்ளினாள். வாப்பாவின் கண் தன் கண்ணைப் பார்க்காமல் தன் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கவனித்தாள். பார்த்துப் பார்த்து அழுதாள். அவர் காத்திருந்தார்.

"தறி வீட்டுக்கு என்னை அனுப்பாதீய வாப்பா" என்றாள். "நான் கூப்புட்டா திரும்பிப் பாக்க அங்கன ஆளு இல்ல." நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இங்கனயும் இல்லன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அவள் கை மடியில் விழுந்து நின்றது. சேக் முகம்மது பழக்கத்தில் 'ம்' என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டு, பிறகு அவள் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரைக்கும், கடைசியில் சொன்னதையும் சேர்த்து, அவளிடமே திருப்பிச் சொன்னார்.